காடியான ஆண்டு

உங்கள் படத்தின் கண்ணாடியை இன்று காலை வினிகர் தொட்டுத் துடைத்தேன். கண்ணாடிக்கு வினிகரும் பழைய செய்தித்தாளும் போதும், மற்றதெல்லாம் கறை வைக்கும் என்பது என் பள்ளிக் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்தது. நான் அதை இன்றுவரை மாற்றவில்லை. நாளை உங்கள் நினைவுப் பூசை. உங்கள் நெற்றிக்கு நேராக ஈ உட்கார்ந்த புள்ளிகள் இருந்தன. அதை அப்படியே விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போக எனக்கு மனம் வராது. புட்டியின் மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த நெடி ஏறியது. மன்னார்புரத்து வீட்டுக் கூடத்தில் நிற்கிறேன் என்பது மறந்து, ஜீயபுரத்துத் தோட்டத்துத் திராட்சை ரச அறை வாசலில் நின்றேன். புட்டியைச் சத்தமாக மேசைமேல் வைத்துவிட்டேன். வயதாகிவிட்டது என்று மருமகள் நினைத்திருப்பாள். வயதால் இல்லை. கோபத்தால்.

நேற்று நம் மகன் நினைவு அட்டையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினான். உங்கள் படம், சிலுவை, கீழே மூன்று வரிகள். பூச்சிமருந்து இன்றித் திராட்சை வளர்த்தவர் என்று முதல் வரி. சரி. தோட்டத்துக்குள் அறிவியலைக் கொண்டுவந்தவர் என்று இரண்டாவது. அதுவும் சரி. மூன்றாவது வரி: "அறிவுக்குப் பட்ட உண்மையை யாருக்கும் அஞ்சாமல் சொன்னவர்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"இந்த வரிய எடுத்துடு."

"ஏம்மா? அப்பாவப் பத்தி எல்லாரும் சொல்றதுதானே?"

"எல்லாரும் சொல்லலாம். எல்லாரும் அவரோட குடித்தனம் பண்ணல."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். மதியம் அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். நல்லா இருக்கும்மா, விட்டுடுங்க என்று கெஞ்சுகிறான். அவன் முன்னால் வாய் திறக்கும் முன் உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். அந்த வரி உங்கள் படத்தின் கீழே வரலாமா? நீங்களே சொல்லுங்கள். இந்த முறையாவது சொல்லுங்கள்.

உண்மையான இரண்டு வரிகளுக்கு முதலில் உரியதைக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு அநியாயம் பேசத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, சுற்றிலும் நெல்லும் வாழையும். நடுவில் உங்கள் அப்பா நட்ட பன்னீர் திராட்சைப் பந்தல் மட்டும் தனியாக நின்றது. ஊரெங்கும் மருந்து தெளிக்கும் காலம். மாலைக் காற்றில் பக்கத்து வயலிலிருந்து வரும் நெடியில் கண் எரியும். தோட்டத்துக்கு வந்து இலவசமாக மருந்து டப்பா கொடுத்த மனிதரிடம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "பீடத்துல வைக்கிற ரசம் சார் இது. அதுல எலி மருந்து வாசனை வரணுமா?" அவர் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அன்று உங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதோம். வேப்பம்புண்ணாக்கு வைத்தோம். பிழிந்த சக்கையைக் குழியில் மக்கவைத்து அதே கொடிகளின் காலுக்குத் திருப்பிக் கொடுத்தோம். காற்றும் வெயிலும் குலையில் படட்டும் என்று, பந்தலுக்கு அடியில் கழுத்து வலிக்க நின்று இலை கிள்ளினோம். அப்படியும் பூஞ்சணம் தலைகாட்டினால் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம், அதுவும் அளந்து. இதெல்லாம் இன்று எங்கெங்கோ பேசுகிறார்கள். நீங்கள் அன்றே செய்தீர்கள். நாம் செய்தோம் என்று எழுதுவதே சரி. எதையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் நம் தோட்டத்து ரசத்துக்கு அனுமதி உண்டு. அது பூசைக்கானது. சுற்றுப் பங்குக் கோவில்களுக்கெல்லாம் நம் ஜாடியிலிருந்துதான் போகும். திருச்சபையின் விதி கடுமையானது: திராட்சையைத் தவிர எதுவும் சேரக்கூடாது. ஒரு கை சர்க்கரைகூடப் போடக்கூடாது. ஆகவே பழம் தன் இனிப்பைத் தானே கொண்டுவர வேண்டும். அந்த இனிப்புத்தான் நுரைத்து ரசத்தின் வீரியமாக மாறும். அந்த வீரியம்தான் ரசத்தைக் கெடாமல் நிறுத்தும். பழுக்காத பழத்தைப் பிழிந்தால் ரசம் மெலிந்துபோகும். நம் ஊர் வெயிலில் அது புளித்துக் காடியாகிவிடும், அதாவது வினிகர். காடியை வைத்துப் பூசை செய்ய முடியாது. செய்தால் அது பூசையே இல்லை.

இதை எனக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததாக உங்கள் நண்பர்கள் பலர் நினைத்தார்கள். நீங்களும் திருத்தவில்லை. நான் கான்வென்டில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் காலை ரயிலில் கல்லூரிக்குப் போய்விடுவீர்கள், கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்க. பகல் முழுவதும் ரச அறை என் கையில். தரைக்குக் கீழே பாதி இறங்கிய அந்தச் சுண்ணாம்பு அறையில் ஜாடிகளை மணலில் புதைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, சாக்கு உலராமல் கிணற்று நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நுரைக்கும் ரசம் தன் சூட்டிலேயே கெட்டுவிடும். சாறு எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு இனிப்பை அளப்பேன். முகர்ந்து, நாக்கில் வைத்து, துப்பிவிடுவேன். ஒரு வாய் விழுங்கியதில்லை. "துப்புறதுக்கு ஒரு படிப்பா?" என்பார் உங்கள் அம்மா. நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

ரசம் காடியான அந்த ஆண்டு மழை பிந்தியதால், கொடியை வெட்டிவிடும் கவாத்தும் பிந்தியது. ஆடி முழுவதும் வானம் மூடிக் கிடந்தது. காவிரி செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியதே தவிர நம் பந்தலில் வெயில் விழவில்லை. பழம் கறுத்திருந்தது, இனிக்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்து பரலோக மாதா திருநாள். முந்தின நாள் தோட்டத்துப் பழம் முழுவதையும் வெட்டி, முதல் சாற்றைத் திருநாள் காலையில் பங்குச் சாமியார் மந்திரிப்பது உங்கள் வீட்டு வழக்கம். உங்கள் அப்பா நட்ட கொடிகள் வெப்பக் காற்றில் கருகிய வருடம் உங்கள் அம்மா நேர்ந்துகொண்டது. நேர்ச்சையை நான் குறை சொல்லவில்லை. நானும் ஜெபமாலை உருட்டுகிறவள்தான்.

திருநாளுக்கு முன் ஒரு மாலை, பந்தல் ஓரத்தில் அளவுக் குழாயை உங்கள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். "நீ சொல்றதுதான் சரி. இப்ப வெட்டினா ரசம் நிக்காது" என்றீர்கள். இதை நீங்கள் சொன்னீர்கள். உங்கள் வாயால். அந்தக் குழாயைப் பிடித்திருந்த விரல்கூட எனக்கு நினைவிருக்கிறது.

சாப்பாட்டின்போது உங்கள் அம்மாவிடம் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அத்தை, மாதாவுக்கு ஒரு கூடை மட்டும் வெட்டிடலாம். மீதி இன்னும் ஒரு வாரம் கொடியில இருக்கட்டும். பழத்துல இனிப்பு ஏறல."

"மாதாவுக்கு ஒரு கூடை, நமக்கு மீதியா? நல்ல கணக்குடி இது."

"கணக்கு இல்ல அத்தை. அளந்து பார்த்தேன்."

"பரலோக மாதா திருநாள் உன் கண்ணாடிக் குச்சிக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். "சரிம்மா, வெட்டிடலாம்" என்றீர்கள். பிசைவதை நிறுத்தவில்லை.

வெட்டினார்கள். சாமியார் வந்து மந்திரித்தார். அடுத்த வாரம் நீங்கள் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மன்றத்தில் மருந்தில்லாத திராட்சை வளர்ப்பைப் பற்றிப் பேசினீர்கள். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "மண்ணுக்குப் பொய் சொல்ல முடியாது" என்றீர்கள். கைதட்டினார்கள்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். மெலிந்த ரசம் என்பதால் சாக்கு ஒரு கணமும் உலராமல் பார்த்துக்கொண்டேன். மாதத்தில் எனக்கு முடியாத நாட்களிலும் படியிறங்கிப் போய் நீர் ஊற்றினேன். ஊற்றாவிட்டால் இன்னும் முன்பே கெட்டிருக்கும். அந்த நாட்களில் ஒன்றில் உங்கள் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

மழைக்காலம் முடியும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஒரு கிராமத்துப் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்தார். புட்டியைக் கூடத்து மேசைமேல் வைத்தார். கோபக்காரர் இல்லை, வேடிக்கையாகப் பேசுகிறவர்.

"சிலுவையில தொங்கினப்ப ஆண்டவருக்குக் காடி குடுத்தாங்க. எனக்குப் பீடத்துலயே குடுத்துட்டீங்களே சார்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். இன்று காலை இந்தக் கூடத்தில் ஏறிய அதே நெடி.

உங்கள் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நான் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் சாமி. வீட்டுக்குத் தூரமான நாள்ல இவ ரச அறைக்குள்ள போனா. நான் கண்ணால பார்த்தேன். ஊறுகா ஜாடியே தாங்காது, இது தாங்குமா?"

அந்நிய ஆண் ஒருவர் முன்னால் என் உடம்பின் நாட்கள் பேசப்பட்டன. நான் தலையைக் குனியவில்லை. எங்கள் கன்னியாஸ்திரிகள் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சாமியாருக்குத்தான் முகம் சிவந்தது. அவர் நல்ல மனிதர், ஒரு வழி தேடினார். உங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். அப்படியெல்லாம் ஆகுமா?"

கதவைத் திறந்தே வைத்துவிட்டார். நீங்கள் அதில் நடந்து வந்தால் போதும். பழம் பழுக்கும் முன் வெட்டினோம், அதனால் கெட்டது. அவ்வளவுதான். அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம், நேர்ச்சையைக் குறை சொல்ல வேண்டாம். பாக்டீரியா என்ற சொல்கூட வேண்டாம். உங்களுக்குத் தெரியும். பந்தல் ஓரத்தில் உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். நீங்கள் புட்டியைப் பார்த்தீர்கள். அம்மாவைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"இருக்கலாம் ஃபாதர்" என்றீர்கள்.

உங்கள் அம்மாமேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. நம்புங்கள். அவர் தான் நம்பியதைச் சொன்னார். அவருக்கு அவருடைய மாமியார் சொன்னது அது. நீங்கள் நம்பாததைச் சொன்னீர்கள். மண்ணுக்குப் பொய் சொல்ல முடியாது என்று மேடையில் பேசியவர், மனைவியைப் பற்றிப் பொய் சொல்லலாம் என்று முடிவு செய்தீர்கள்.

அடுத்த நாளே ரச அறைக்குப் பூட்டு வந்தது. சாவி உங்கள் அம்மாவின் இடுப்பில். மற்ற நாட்களில் நான் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அந்த நாட்களில் கிடையாது என்று ஏற்பாடு. அதை என்னிடம் சொல்ல வந்தவரும் நீங்கள்தான்.

"மாசத்துல சில நாள்தானே. பொறுத்துக்கயேன்."

"சில நாள் லாயக்கில்லாதவ மத்த நாளும் வேண்டாம்" என்றேன். "நான் படியிறங்க மாட்டேன். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு அந்தச் சாமியார்கிட்டயும் அத்தைகிட்டயும் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் வரேன்."

"அம்மா இருக்கிற வரைக்கும்..."

"அப்ப அம்மா இருக்கிற வரைக்கும் நான் வரல."

பந்தலை விடவில்லை. கவாத்தும், இலை கிள்ளுவதும், உரமும், எந்த நாளில் வெட்டுவது என்பதும் என்னிடம் இருந்தன. அதன் பிறகு குலை இனிக்காமல் கத்திரிக்கோல் எடுக்க யாரையும் விடவில்லை. திருநாளுக்கு ஒரு கூடைதான் போயிற்று. உங்கள் அம்மா அதை எதிர்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காரணம் எதுவென்று அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ரசம் மறுபடி கெடவில்லை. அதை எப்படிப் பேசினார்கள்? பூட்டுப் போட்டதால் கெடவில்லை என்றார்கள். நீங்கள் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் துறையிலேயே வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து நண்பரை மறந்துவிட்டீர்களா? நெற்றியில் நாமம், கையில் கூஜாவில் சொந்தத் தண்ணீர். நம் வீட்டில் மோர்கூடத் தொடமாட்டார். அந்தக் காடியைக் கல்லூரிச் சோதனைச்சாலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரில் ஜீயபுரம் வரைக்கும் வந்தார். உங்கள் அம்மா அன்று கோவிலுக்குப் போயிருந்தார். பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். நான் தூண் பக்கத்தில் நின்றேன்.

"புளிச்சுப்போனதையும் சேத்துக் கணக்குப் போட்டாலும் ஆல்கஹால் ரொம்பக் கம்மி ஓய். பழுக்காம வெட்டியிருக்கேள். ஆத்துக்காரிமேல பழியப் போட்டேளாமே?"

"நான் போடல. அம்மா சொன்னாங்க. நான் இருக்கலாம்னுதான்..."

"எங்காத்துலயும் மூணு நாள் உண்டு. ஊறுகா ஜாடி கிட்டக்கப் போகமாட்டா. அது எங்க ஆசாரம். நான் அதைக் கெமிஸ்ட்ரின்னு ஒரு நாளும் சொன்னதில்லை."

நீங்கள் கொடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி மடித்துக்கொண்டிருந்தீர்கள். அவருடைய வீட்டு மூன்று நாட்களையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவியிடம் கேட்டால் அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பாரோ. ஆனால் தன் ஆசாரத்துக்குத் தன் படிப்பைச் சாட்சி சொல்ல அழைக்காத நேர்மை அவரிடம் இருந்தது. உங்களிடம் அதுகூட இல்லை. போகும்போது என்னைப் பார்த்து, "தப்பு பழத்துலதாம்மா" என்றார். அதை முகத்துக்கு நேராக என்னிடம் சொன்ன ஒரே ஆண், நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்.

எண்பதுகளின் நடுவில் உங்கள் அம்மா போனார். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் துடைத்துவிட்டதும் நான். அதில் எனக்குக் குறையில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும், நீங்கள் அவருடைய சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, அடுப்படியில் என் முன்னால் வைத்தீர்கள்.

"இனிமே நீ எப்ப வேணா போகலாம்."

"நான் கேட்டது சாவி இல்ல."

நின்றீர்கள். எனக்கு இன்றும் தெரியும், அந்த வாக்கியம் உங்கள் தொண்டை வரைக்கும் வந்தது. "பழசயெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். அதன் பிறகு நாம் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். ஒன்றாக மழை பார்த்தோம், முக்கொம்பு அணைக்குப் போனோம், மகனுக்குக் கல்யாணம் செய்தோம். சாவியை எடுத்துக்கொண்டு நான் ரச அறைக்குள்ளும் போனேன். ரசம் என்ன பாவம் செய்தது? ஆனால் ஒவ்வொரு முறை படியிறங்கும்போதும், நீங்கள் சொல்லாத வாக்கியத்தைத் தாண்டித்தான் இறங்கினேன்.

இதையெல்லாம் இன்று கிளறுவதற்குக் காரணம் அட்டை மட்டும் இல்லை. போன அறுவடையின்போது மருமகளோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது அளப்பதும் முகர்வதும் அவள்தான், நல்ல மூக்கு. ரசம் நுரைக்கும் நேரம். அவள் ஈரச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரச அறை வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா நிக்கிற?"

"இல்ல அத்தை... இன்னைக்கு எனக்கு நாள். வேலைக்காரங்க வேணாம்னு சொல்றாங்க. முன்னாடி ஒரு தடவை யாரோ அப்படி உள்ள போயி, ஜாடி பூரா காடியாயிடுச்சாமே?"

யாரோ. நான்தான் அந்த யாரோ என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சாமியார் போய்விட்டார், உங்கள் அம்மா போய்விட்டார், நீங்களும் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்ன "இருக்கலாம்" மட்டும் போகவில்லை. தோட்டத்தில் அது "ஆயிற்று" என்று மாறி, என் மருமகளின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. நீங்கள் படித்தவர் என்பதால்தான் அது இவ்வளவு நாள் நின்றது. கெமிஸ்ட்ரி வாத்தியாரே ஒத்துக்கொண்டார் என்றுதான் அவர்கள் சொல்கிறார்களாம்.

வேலைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"பழம் பழுக்கறதுக்கு முன்னாடி வெட்டினோம். அதனால கெட்டது. உள்ள போனது நான்தான். நான் தண்ணி ஊத்தினதாலதான் அத்தனை நாளாவது நின்னுச்சு. சாக்கு உலர்ந்துடும், உள்ள போ."

அவள் படியிறங்கினாள். நான் வாசலில் நின்றேன். சொல்லி முடிக்க எத்தனை சின்ன வாக்கியம் அது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மூச்சுக்குக்கூட வரவில்லை. இதைச் சொல்லவா உங்களால் ஆயுள் முழுவதும் முடியவில்லை?

இதுவரை எழுதியிருந்தபோது மகன் வந்துவிட்டான். அட்டையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். பேனாவை வைத்துவிட்டு அவனிடம் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல். மருமகள் சமையலறை வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். அவன் அட்டையை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தான்.

"எனக்கு இது தெரியாதும்மா."

"தெரியாதுன்னு தெரியும். யாரும் சொல்லலையே."

மூன்றாவது வரியை அவனே பேனாவால் அடித்தான். "வேற என்ன போடலாம்மா அந்த எடத்துல?"

"ஒண்ணும் போடாதே. ரெண்டு வரி உண்மை போதும், ஒரு மனுஷனுக்கு."

அவன் போய்விட்டான். நாளை பூசைக்கு நம் தோட்டத்து ரசம்தான் போகிறது. மருமகள் ஜாடியிலிருந்து எடுத்து, முகர்ந்து பார்த்து, அடைத்துக் கொடுத்தது. எனக்காக நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை இவ்வளவு காலம் நான் சுமந்தேன். இனி அவள் தூக்கிக்கொள்வாள், அவளுக்கு அது பாரமாக இராது. கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்குரியது. அதைக் கரைத்துவிட்டால், அன்று கூடத்தில் நிமிர்ந்து நின்ற பெண்ணுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கண்ணாடியில் ஒரு கறையும் இல்லை. வெளிச்சத்தில் உங்கள் முகம் நன்றாகத் தெரிகிறது. நல்ல முகம்தான். வாய் மூடியிருக்கிறது.